ஏணி இறங்கினால் கேமரன் மலை

கேமரன் மலைக்குத் தாப்பா வழியா, சிம்பாங் பூலாய் வழியா என்று கேட்டால் எந்த வீட்டிலும் இரண்டு கட்சி இருக்கும். சிம்பாங் பூலாய் சாலை அகலமானது, வளைவும் குறைவு. ஆனால் கிள்ளானிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு அது சுற்று. தாப்பா சாலையோ தானா ராத்தா வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டருக்கு வளைவுக்கு மேல் வளைவு. எங்கள் குடும்பத்தில் இந்தச் சண்டையைத் தீர்த்து வைப்பவர் அக்காவின் கணவர். வண்டி அவருடையது. திங்கள் முதல் சனி வரை அவருக்குச் சோறு போடுவதும் அதே வண்டிதான்.

மாமாவின் தொழில் கண்ணாடி துடைப்பது. கடை வரிசைகள், கிளினிக்குகள், பங்களா வீடுகள். ஒரு பழைய நிசான் வேனட்டின் கூரையில் இரட்டை ஏணி, பின்னால் தண்ணீர்த் தொட்டி, வாளிகள், நீளக் கம்புகள், ரப்பர் வைப்பர்கள், மூட்டை மூட்டையாகத் துணி. குடும்பத்துக்கு என்று தனியாக ஒரு காடி வாங்கலாமே என்று சொல்லாத உறவினர் கிடையாது. இன்னொரு காடி என்றால் இன்னொரு தவணை, இன்னொரு சாலை வரி, இன்னொரு காப்புறுதி. மாதத்தில் இரண்டு வாரம் பிற்பகலில் மழை கொட்டினால் வேலை படுத்துவிடும் தொழிலில், அந்தக் கணக்கு எப்படிப் போட்டாலும் உதைக்கிறது.

வேன் வாங்கும்போதே அக்கா ஒன்றில் பிடிவாதமாக இருந்தார்: ஜன்னல் வேன்தான் வேண்டும், பேனல் வேன் வேண்டாம். பக்கவாட்டில் தகரம் அடைத்த பேனல் வேன் விலை மலிவு, பொருள் ஏற்ற வசதி. ஆனால் முன்வரிசையைத் தவிர ஆள் உட்கார இடமில்லை. பின்னால் பாய் விரித்துப் பிள்ளைகளை உட்கார வைத்துப் போகிறவர்களை நாம் எல்லாருமே பார்த்திருப்போம். நம் நாட்டில் பின்னிருக்கைக்கும் வார் கட்டாயம் என்று சட்டம் வந்தது 2009 ஜனவரியில். சிறுவர் இருக்கை 2020 முதல். வார் இல்லாத இடத்தில் பிள்ளையை உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் ஏணியும் வாளியுமாக நெடுஞ்சாலையில் ஒரு பிரேக் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும்.

காப்புறுதியையும் சொல்லிவிடுகிறேன். தனியார் வாகனக் காப்புறுதிச் சான்றிதழின் அடியில், தொழில் சம்பந்தமான சரக்கு ஏற்றும் பயன்பாட்டுக்கு இது பொருந்தாது என்று ஒரு வரி சிறிய எழுத்தில் இருக்கும். சொந்த வேலைக்கான வாளியும் கம்பும் சரக்கில் சேருமா என்பதை விபத்துக்குப் பிறகு விவாதிப்பதைவிட, முகவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. மாமா அப்படித்தான் செய்தார். முகவருக்கு அது பிடிக்கவில்லை. பரவாயில்லை.

பயணம் தொடங்குவது சனிக்கிழமை விடியலில் அல்ல, வெள்ளி இரவில். முதலில் ஏணி இறங்கும்; வாசல் கிரிலோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டப்படும். அடுத்து தொட்டி காலியாகும். நூறு லிட்டர் தண்ணீர் என்றால் நூறு கிலோ, அதுவும் வளைவில் தளும்பும் நூறு கிலோ. மலைச்சாலைக்கு அந்தப் பாரத்தோடு போகக்கூடாது. கண்ணாடியில் ஒட்டிய சிமெண்ட் கறையை எடுக்கும் அமிலமும், பாசிக்கு அடிக்கும் பிளீச்சும் வீட்டில் வெவ்வேறு மூலைக்குப் போகும். இரண்டும் கலந்தால் கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். வேலை நாளிலும் அவை ஒன்றாக வண்டியில் ஏறுவதில்லை. சுரண்டும் பிளேடுகள் மூடிபோட்ட டப்பாவில் போய்விடும். கடைசியாக ஈரத்துணிகள். அவற்றை மறந்தால் தஞ்சோங் மாலிம் தாண்டுவதற்குள் வண்டி முழுக்க பூஞ்சை நாற்றம்.

அதன்பின் நடு இருக்கை மாட்டப்படும். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் காந்தப் பலகை கழற்றப்படும். தொழில் பெயரும் தொலைபேசி எண்ணும் முதலில் ஸ்டிக்கராகத்தான் இருந்தன. இடைநிலைப்பள்ளிக்குப் போன அக்கா மகள், ஒரு சந்து முன்பே இறங்கிக்கொள்கிறேன் என்று சொல்ல ஆரம்பித்ததும் மாமா ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் ஸ்டிக்கரை உரித்துவிட்டுக் காந்தப் பலகை செய்துகொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் கூப்பிட்டுத் தொந்தரவு செய்கிறார்கள், அதனால்தான் என்று காரணம் சொன்னார். அந்தக் காரணத்தை நாங்கள் எல்லாரும் நம்பினோம்.

டோலில் வேனட்டுக்கும் காருக்கும் ஒரே கட்டணம். இரண்டு அச்சு, நான்கு சக்கரம் என்றால் முதல் வகுப்புதான். ரவாங், தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், சுங்கை, பீடோர். வானொலியில் நெரிசல் தகவல் வாசித்தே எனக்கு மனப்பாடமான பெயர்கள். முன்னிருக்கையில் உட்கார்ந்து பார்க்கும்போதுதான் அவற்றுக்கு இடையில் எவ்வளவு செம்பனை இருக்கிறது என்று தெரிகிறது. தாப்பாவில் இறங்கி ரோத்தி சானாய் சாப்பிட்டுப் பசியாறிக்கொள்வோம். மலை ஏறிய பிறகு சாப்பிடலாம் என்று நினைக்கிறவர்கள், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறுகிறவர்கள், இருவருக்குமே வளைவுகளில் தண்டனை உண்டு. அரை வயிறுதான் சரி.

வேனட்டின் இயந்திரம் முன்னிருக்கைக்கு அடியில். ஏற்றத்தில் இருக்கை சுடும்போது, வண்டி எவ்வளவு பாடுபடுகிறது என்று உட்கார்ந்திருப்பவருக்கே தெரிந்துவிடும். அதனால் லாத்தா இஸ்கண்டார் அருவியில் நிற்பது எங்களுக்கு உல்லாசம் மட்டுமல்ல, வண்டிக்கும் ஓய்வு. பூர்வக்குடியினரின் கடைகளில் பெத்தாய், தேன். பிள்ளைகள் தண்ணீரில் கால் நனைக்க, மாமா வண்டியைச் சுற்றி வருவார். வண்டி இங்கே படுத்தால் விடுமுறை கெடுவதோடு முடியாது, திங்கள் வருமானமும் சேர்ந்து படுக்கும்.

பேராக்கில் ஏறத் தொடங்கும் சாலை பகாங்கில் முடிகிறது. ரிங்லெட்டைக் கடந்து ஏரி தெரிந்ததும் அம்மா ஜன்னலை இறக்கச் சொல்வார். 1929-இல் தொடங்கிய போ தேயிலை நிறுவனத்தின் சரிவுகளை, சுற்றுலா வருகிறவர்கள் பச்சைக் கம்பளம் என்பார்கள். அம்மா பிறந்தது இந்த மலையில் ஒரு தோட்டத்து லயத்தில். அவருக்கு அது கம்பளம் இல்லை. அவருடைய அம்மா முதுகில் கூடையோடு நின்ற இடம்.

பிரிஞ்சாங் பக்கம் சித்தி தனியாக இருக்கிறார். எழுபத்தெட்டு வயது, இந்த ஆண்டு கைத்தடி வேறு. வீட்டு ஜன்னல்கள் எல்லாம் நாக்கோ கண்ணாடி, மலை ஈரத்தில் பாசி படிந்தவை. நாக்கோவில் ரப்பர் வைப்பர் ஓடாது. ஒவ்வொரு பட்டையாகத் துணியால் இரு பக்கமும் துடைக்கவேண்டும், கவனம் தப்பினால் விளிம்பு விரலைக் கிழிக்கும். விடுமுறையில் வேலையைத் தொடமாட்டேன் என்று சபதம் செய்த மனிதர், தேநீர் குடித்து முடிப்பதற்குள் எழுந்துவிட்டார். வாளி பிடித்தது அக்கா மகள். நாற்பது பட்டைகள், இரண்டு மணி நேரம்.

மறுநாள் மதியம் கிளம்பும்போது, "திங்கள் பள்ளி விடுமுறைதானே, ஒரு நாள் இருந்துட்டுப் போங்களேன்யா" என்றார் சித்தி. அம்மா மாமாவைப் பார்த்தார். திங்கள் காலை ஏழு மணிக்கு, கடைகள் திறக்கும் முன், ஒரு வரிசை முழுக்கத் துடைத்தாக வேண்டும், மாத ஒப்பந்தம். ஒரு முறை தவறினால் வேறு ஆள் வந்துவிடுவார்.

அம்மாவும் அக்கா மகளும் இருந்துகொண்டார்கள். பஸ்ஸில் வருவதாகச் சொன்னார்கள். மற்றவர்கள் இரண்டாவது கியரில் மெதுவாக இறங்கினோம். அம்மாவின் இருக்கையில் சித்தி கொடுத்த முட்டைக்கோஸ் மூட்டை, வார் போட்டு உட்கார்ந்து வந்தது. கிள்ளான் சேர்ந்ததும் இருக்கையைக் கழற்றி, தொட்டியை நிரப்பி, ஏணியை ஏற்றி முடிக்க இரவு பத்தாகிவிட்டது. பலகையை ஒட்டப் போன மாமா, பெட்டியில் பிளேடு டப்பா இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு, காலையில் கடைக்காரர்களுக்குக் கொடுக்க ஆறு முட்டைக்கோஸ்களை வாளிக்குள் அடுக்கினார்.