பட்டாணியும் ஒரு சமையல் தராசும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது எங்கள் வீட்டுப் பறவை செத்துப்போன கதை. சந்தோஷமாக ஏதாவது படிக்கலாம் என்று வந்தவர்கள் அடுத்த முறை வாருங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பட்டாணி வீட்டுக்கு வந்தது 2019 டிசம்பரில். சேலத்தில் ஒரு கடையில் ஜோடி முந்நூறு ரூபாய் என்றார்கள். தங்கச்சி ஒன்றுதான் வேண்டும் என்று அடம்பிடித்ததால் ஒற்றைக்கு இருநூறு. ("ஜோடி இல்லாம செத்துரும் பாப்பா" என்று கடைக்காரர் பயமுறுத்தினார். ஐந்து வருஷம் இருந்தான்.) பச்சை உடம்பு, மஞ்சள் தலை, உருண்டையாக உட்கார்ந்திருப்பான், அதனால் பட்டாணி. நம் ஊரில் எல்லோரும் இதை 'லவ் பேர்ட்ஸ்' என்றுதான் சொல்கிறோம். உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறொரு இனம். இவன் பட்ஜெரிகர். ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளில் கூட்டம் கூட்டமாகத் திரிகிற ஜாதி. ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் 1840-ல் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார், அதன் பிறகு உலகமெல்லாம் கூண்டுக்குள் வந்துவிட்டது. பச்சைக்கிளி வளர்த்தால் 1972-ம் வருஷத்து வன உயிரினச் சட்டப்படி குற்றம், இவன் வெளிநாட்டுக்காரன் என்பதால் அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் வெயில் காட்டுப் பறவையை ஏற்காட்டுப் பனிமூட்டத்தில், 1500 மீட்டர் உயரத்தில் கொண்டுவந்து வைத்தோமே என்பது எனக்கு ரொம்ப நாளாகவே உறுத்தல்.

ஆண் பட்ஜெரிகருக்கு அலகுக்கு மேலே, மூக்குத் துளை இருக்கிற இடத்தில் ஒரு சின்ன மெத்தை நீலமாக இருக்கும். பெண்ணுக்குப் பழுப்பு. 2024 ஜூன் ஜூலை வாக்கில் பட்டாணியின் நீலம் மங்கிப் பழுப்பாக ஆரம்பித்தது. "அட, நம்ம பட்டாணி பொண்ணுடா" என்று வீட்டில் ஒரே சிரிப்பு. நானும்தான் சிரித்தேன். விரையில் கட்டி வந்து பெண் ஹார்மோன் சுரக்க ஆரம்பித்தால் ஆண் பறவைக்கு இப்படி நிறம் மாறும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

செப்டம்பரில் இடது காலைத் தூக்கிக்கொண்டே உட்கார ஆரம்பித்தான். சுளுக்கு என்று நினைத்தோம். மருந்து விற்கிற ஒருவர் மஞ்சள் பொடி ஒன்றைக் கொடுத்து, "தண்ணில கலந்து வைங்க, எல்லாத்துக்கும் கேக்கும்" என்றார். மூன்று வாரம் மஞ்சள் தண்ணீர் குடித்தான். மூன்று வாரம் போனது போனதுதான். இதில் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள், நீங்களும் பறவை வளர்ப்பவராக இருந்தால் உதவும். கூட்டத்தில் வாழ்கிற பறவை தன் நோயைக் காட்டிக்கொள்ளாது. நோஞ்சான் எது என்று பருந்துக்குத் தெரிந்தால் கதை முடிந்தது. அதனால் கடைசி வரை நல்லா இருக்கிற மாதிரியே நடிக்கும். நம் கண்ணுக்கு நோய் தெரிகிறது என்றால் அது நடிக்கக்கூட முடியாத நிலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

மலையில் இருக்கும் கால்நடை டாக்டர் மாடு, ஆடு, நாய் பார்ப்பவர். பட்டாணியை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். "எனக்கு இதுல அனுபவம் கம்மி தம்பி. நாமக்கல் போயிருங்க" என்றார். தெரியாது என்று சொன்ன அந்த மனிதர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை.

நாமக்கல்லில் 1985-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. செருப்பு டப்பாவில் ஓட்டை போட்டு, துணியில் சுற்றிய வெந்நீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்து, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம், அங்கிருந்து இன்னொரு பஸ். வழியெல்லாம் முட்டை லாரிகள். கோழிப்பண்ணை ஊர் அல்லவா, ஆயிரக்கணக்கில் கோழி இருக்கிற கொட்டகையில் கணக்கு எப்போதும் மொத்தத்துக்குத்தான். அந்த ஊருக்கு 34 கிராம் எடையுள்ள ஒற்றைப் பறவையைத் தூக்கிக்கொண்டு போனது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அங்கே யாரும் சிரிக்கவில்லை.

எக்ஸ்ரேயில் வயிற்றுக்குள் கட்டி தெரிந்தது. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: விரையில் வந்த கட்டியாக இருக்கலாம். காலுக்குப் போகும் நரம்பு சிறுநீரகத்தை ஒட்டிப் போகிறது, கட்டி வளர்ந்து அதை அமுக்குவதால்தான் கால் இழுக்கிறது. இந்த இனத்துக்கு இது அடிக்கடி வருகிற நோய். ஆபரேஷன்? பறவையின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ரத்தம். பட்டாணிக்கு மொத்தமே மூன்றரை மில்லி. அதில் ஏழெட்டுச் சொட்டுக்கு மேல் போனால் ஆபத்து. வெளிநாட்டில் ஹார்மோன் வில்லை ஒன்றைத் தோலுக்கடியில் வைக்கிறார்கள். அதுவும் கொஞ்ச காலம் தள்ளிப்போடத்தான்.

"வலிக்கு மருந்து தரேன். சூடா வெச்சுக்கோங்க. தினம் எடை போடுங்க. ஒரு கட்டத்துல நீங்களே முடிவு பண்ண வேண்டி வரும்" என்றார். என்ன முடிவு என்று தங்கச்சி கேட்கவில்லை. பத்தாவது படிக்கிறாள், புரியாமலா இருக்கும்.

மருந்தின் பெயர் மெலாக்சிகாம். பெயரைப் பார்த்ததும் எனக்கு எங்கோ கேட்ட ஞாபகம். மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக்கால் இந்தியாவில் கழுகுகள் கொத்துக் கொத்தாகச் செத்து, 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தபோது, கழுகுக்குக் கெடுதல் செய்யாத மாற்று என்று சொன்னது இதைத்தான். மாயாறு பள்ளத்தாக்குக் கழுகுக்கும் எங்கள் பட்டாணிக்கும் ஒரே மருந்து! அன்றைக்கு அதில் ஒரு அல்ப சந்தோஷம்.

அப்புறம் ஆரம்பித்தது வீட்டு ஆஸ்பத்திரி. சமையல் தராசு ஒன்று வாங்கினோம். தங்கச்சி பழைய நோட்டில் தேதி போட்டு எடை எழுதினாள். அப்பா, "இந்தக் காசுக்கு இருபது குருவி வாங்கலாம்" என்று சொல்லிக்கொண்டே மரப்பெட்டி ஒன்று செய்து, உள்ளே குண்டு பல்பு மாட்டிக் கொடுத்தார். நான் தினையைக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சுவேன். வள்ளி தினைப்புனத்தில் கிளியை விரட்டினாள், இங்கே எல்லாம் தலைகீழ் :-)

அக்டோபர் முழுக்க நன்றாகத்தான் இருந்தான். அம்மா மிக்ஸி போட்டால் கூடவே கத்துவான், அது அவன் பழைய பழக்கம். சட்னி அரைத்து முடித்த பிறகும் அவன் கச்சேரி முடியாது. நவம்பரில் எடை 31 ஆனது. நெஞ்செலும்பு கத்தி மாதிரி விரலில் தட்டியது. வாய்க்குள் சிரிஞ்சு வைத்து கூழ் கொடுக்க ஆரம்பித்தோம், நாளைக்கு நாலு தடவை.

இந்த நேரத்தில்தான் வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. அம்மாவுக்கு, மருந்தை நிறுத்துவது என்றால் கைவிடுவது. அம்மாயி வேறு மாதிரி. "ஊசியும் வேணாம் ஒண்ணும் வேணாம் கண்ணு. அதுவா போவட்டும். ராசேஸ்வரி போவலையா?"

சேலத்துக்காரர்களுக்கு ராஜேஸ்வரியைத் தெரிந்திருக்கும். சுகவனேஸ்வரர் கோயில் யானை. (சுகவனம் என்றால் கிளிக்காடு. கிளியின் பெயரில் ஒரு கோயில், அங்கே ஒரு யானை.) சின்ன வயதில் எங்கள் இரண்டு பேர் தலையிலும் தும்பிக்கை வைத்திருக்கிறது. அது கால் நோயால் படுத்த படுக்கையாகி, எழ முடியாமல், உடம்பில் புண் வந்து கிடந்தது. உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்று மருத்துவர் சான்று தந்தால் கருணைக் கொலை செய்யலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 ஏப்ரல் 17 அன்று சொன்னது. ஏப்ரல் 21 அன்று அது தானாகவே இறந்துவிட்டது. "சாமி யானை, யாருக்கும் பாவம் வெக்காம அதுவே போயிருச்சு" என்று அம்மாயி அன்றைக்கும் சொன்னார்.

எனக்கு அப்போது பதிமூன்று வயது, எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் இப்போது யோசித்தால், அந்த நிம்மதி எனக்கு. ஊசி போடாமல் தப்பித்தது நாம்தான். படுத்துக் கிடந்த நாட்களை எல்லாம் யானைதான் அனுபவித்தது. அதை அம்மாயியிடம் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

1928-ல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டிக்கு இதே நிலைமை வந்தது. புரளக்கூட முடியாமல் வலியில் கிடந்தது, வைத்தியர் கைவிட்டுவிட்டார். காந்தி டாக்டரை வரவழைத்து, தானும் கூடவே நின்று, விஷ ஊசி போடச் சொன்னார். அகிம்சைக்காரர் கன்றைக் கொன்றுவிட்டார் என்று நாடெங்கும் திட்டு. அவர் பின்வாங்கவில்லை, தன் பத்திரிகையில் எழுதிப் பதில் சொன்னார். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அவரு காந்தி. நாம யாரு?" என்றார். பதில் சொல்ல முடியாத கேள்விகளில் இதுவும் ஒன்று.

டிசம்பர் ஆரம்பத்தில் ஃபெஞ்சல் புயல் மழை. ஏற்காட்டில் கொட்டித் தீர்த்தது, மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. எங்கள் வீட்டில் கரண்டும் இல்லை. பல்பு இல்லாத பெட்டியில் அவனை வைக்க முடியாது. அம்மா ராத்திரி முழுக்க வெந்நீர் பாட்டிலை மாற்றிக்கொண்டே இருந்தார், விடிய விடிய அடுப்பு. இரண்டாவது ராத்திரி நான் அம்மாவைப் படுக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மெழுகுவத்தி வெளிச்சத்தில் கூழ் கொடுக்கத் துண்டை எடுத்தேன். பட்டாணியைத் துண்டில் சுற்றித்தான் பிடிப்போம், இல்லாவிட்டால் படபடத்து இறக்கை முறித்துக்கொள்வான். துண்டைப் பார்த்ததும் அவன் நல்ல காலால் உந்தி உந்திப் பெட்டியின் மூலைக்குப் போனான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஐந்து வருஷம் என் தோளில் உட்கார்ந்து காதைக் கொத்தியவன். கட்டி என்றால் அவனுக்கு என்னவென்று தெரியாது. நாலு வேளை துண்டோடு வருகிற என்னைத் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் கதை படித்தோமே, அதற்குக் கொடைமடம் என்று ஒரு வார்த்தை உண்டு. வாங்குகிறவருக்குத் தேவையா என்று பார்க்காமல் கொடுப்பது. புலவர்கள் அதைப் பெருமையாகத்தான் பாடினார்கள். அந்த மயில் போர்வைக்குள் என்ன செய்தது என்று யாரும் பாடவில்லை.

பின்னால் சத்தம் கேட்டது. தங்கச்சி நின்றுகொண்டிருந்தாள். "ண்ணா, துண்டு வேணாம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் துண்டை மடித்து வைத்தேன்.

மறுநாள் நாலு பேரும் உட்கார்ந்து பேசினோம். கூழை நிறுத்துவது. வலி மருந்து மட்டும் தொடர்வது, அது இனிப்பாக இருக்கும், சிரிஞ்சு நுனியில் ஒரு சொட்டு வைத்தால் அவனே நக்கிக்கொள்வான். சூடு, தினை, தண்ணீர் எப்போதும் போல. மிக்ஸிக்குக் கத்துகிற வரைக்கும் அவன் நம்மோடு இருக்கட்டும், கத்தாத நாளில் நாமக்கல். இந்த மிக்ஸிக் கணக்கு அப்பாவுடையது. குருவி இருபது வாங்கலாம் என்ற அதே அப்பா.

கரண்ட் வந்த பிறகு ஆறு நாள் கத்தினான். சத்தம் குறைந்துகொண்டே வந்தது. ஏழாம் நாள் அம்மா வேண்டுமென்றே வெறும் மிக்ஸியை ஓட்டினார், ஒரு தடவை, இரண்டு தடவை. கண்ணைத் திறக்கவில்லை. மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடியது. அம்மா மிக்ஸியை நிறுத்திவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டார்.

அதற்குள் பாதை திறந்திருந்தது. அதே செருப்பு டப்பா. டாக்டரம்மாவுக்கு எங்களை ஞாபகம் இருந்தது. முதலில் மயக்க வாயு, தூங்கின பிறகுதான் ஊசி, எதுவும் தெரியாது என்றார். தங்கச்சி கூடவே இருக்கலாமா என்று கேட்டாள், சரி என்றார். எனக்குத்தான் கால் நடுங்கியது, ஆனாலும் இருந்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. முடிந்த பிறகு எடை போடச் சொன்னாள். 26.

திரும்பி வரும்போது வளைவுகளில் டப்பா நகராமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்குப் பின்னால் சில்வர் ஓக் மரத்தடியில் அப்பா குழி தோண்டி வைத்திருந்தார். அம்மாயி வெளியே வரவில்லை. ராத்திரி என்னிடம் மட்டும், "வலிச்சுதா கண்ணு?" என்று கேட்டார். இல்லை என்றேன். தலையாட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இன்னும் நாலு நாள் பொறுத்திருக்கலாம் என்று அம்மா இப்போதும் சொல்கிறார். நவம்பரிலேயே போயிருக்க வேண்டும் என்கிறாள் தங்கச்சி. நோட்டை எடுத்துக் காட்டுகிறாள், 31-க்குப் பிறகு எடை ஒருநாளும் ஏறவே இல்லை. நான் தங்கச்சி கட்சி. ஆனால் அந்த நவம்பரில் நாமக்கல் போகலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் நானே சண்டை போட்டிருப்பேன். சமையலறையில் தினை ஒரு கிலோ அப்படியே இருக்கிறது, தராசும் அதே அலமாரியில்தான்.