சீராட்டும் ஒளைச்சலும்

வட்டார வழக்கு என்று பேச்செடுத்தாலே இலக்கிய நண்பர்கள் கரிசலுக்குப் போய்விடுகிறார்கள். கி. ராஜநாராயணன் 1982-ல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தவர், நியாயந்தான். ஆனாலும் கொங்கு நாட்டுக்காரர்களான எங்களுக்கு உள்ளூர ஒரு மனத்தாங்கல் உண்டு. ஆர். சண்முகசுந்தரம் 1942-லேயே ‘நாகம்மாள்’ நாவலில் எங்கள் குடியானவர்களின் பேச்சை அச்சேற்றிவிட்டார். பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000-ல் வந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் எங்கள் சொற்களுக்குக் ‘கொச்சை’ என்றே பெயர். கட்டுரை நோட்டில் புழக்கடைக்குப் பதிலாகப் ‘பொடக்காலி’ என்று எழுதினால் பிரம்புதான் பதில் சொல்லும்.

காங்கேயம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. தாய்வழிப் பாட்டியை அமுச்சி என்போம். அமுச்சியின் வாயிலிருந்து விழுந்த சொற்களைத்தான் நாங்கள் மூவரும் ஒரு பள்ளி நோட்டில் குறித்துவைக்கத் தொடங்கினோம். அகராதி போடும் உத்தேசமெல்லாம் இல்லை. வெவ்வேறு ஊர்களில் பிழைக்கப்போன உடன்பிறப்புகள் பொங்கல் நோம்பிக்குக் கூடுகிறபோது சண்டையிட்டுக்கொள்ள ஒரு பொருள் வேண்டுமே!

நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது ‘சீராட்டு’. பொதுத்தமிழில் சீராட்டுவது என்றால் கொஞ்சுவது, செல்லம் கொடுப்பது. எங்கள் பக்கத்தில் அப்படியே தலைகீழ். புருசனோடு கோபித்துக்கொண்டு பெண் தாய்வீடு வந்துவிட்டால் அது சீராட்டு. ‘சீராடிக்கிட்டு வந்திருக்கறா’ என்று அமுச்சி சொன்னால் அதில் வசவு இராது. வந்தவளுக்கு அரிசிம்பருப்புச் சோறு போட்டு, நாலு நாள் கழித்துப் பெரியவர்கள் போய்ப் பழமை பேசிச் சமாதானப்படுத்துவார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். பழமை என்றால் பழங்கதை என்று நினைத்துவிட வேண்டாம். எங்களுக்கு அது வெறும் பேச்சு. ‘என்னங் பழம?’ என்றால் என்ன சேதி என்று பொருள். இன்று பெண் பிரிந்து வந்தால் உடனே வக்கீல் வருகிறார். அது எத்தனையோ பெண்களுக்கு நல்லதுதான். சீராட்டிலிருந்து திரும்ப அனுப்பப்பட்டு அடிபட்டவர்களையும் நாங்கள் அறிவோம். ஆனால் பிரிவுக்கும் வாழ்வுக்கும் நடுவே சற்று உட்கார்ந்து மூச்சுவிட ஒரு திண்ணைபோல இருந்த அந்தச் சொல்லுக்கு மாற்று எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

சொல் போனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியது 2009-ல் நடந்த ஒன்று. அமுச்சிக்கு அப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. சர்க்கரை நோய்க்காரி. கோவையில் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். வெளியூரிலிருந்து வந்திருந்த இளம் மருத்துவர் நல்ல பையன், பொறுமையாகத்தான் கேட்டார்.

“பாட்டி, கால் வலிக்குதா?”

“வலியெல்லாம் இல்லீங் சாமி. ஒளையுதுங்.”

அவர் ‘வலி இல்லை’ என்று எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவர் எழுதியதில் பொய் இல்லை. அமுச்சிக்கு வலி வேறு, நோவு வேறு, கடுப்பு வேறு, குடைச்சல் வேறு. வலி என்பது அடிபட்டால் வருவது. ஒளைச்சல் எலும்புக்குள்ளிருந்து கிளம்பி, எங்கே என்று விரல்வைத்துக் காட்டமுடியாமல், ராத்திரியில் காலை நீட்டவும் மடக்கவும் விடாமல் படுத்துவது. இரண்டு ராத்திரி அவள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் கோபிசெட்டிபாளையம் பக்கத்து மருத்துவர் ஒருவர் வந்தார். ‘ஒளையுது’ என்ற சொல் காதில் விழுந்ததுமே பாதத்தைத் தொட்டுப் பார்த்து, சர்க்கரையால் நரம்பு கெட்டிருக்கிறது என்று மருந்தை மாற்றினார். அன்றிரவு அமுச்சி தூங்கினாள்.

பெருமை பேசுவதற்கும் ஓர் எல்லை வேண்டும். கொங்குத் தமிழ் மரியாதைத் தமிழ் என்று ஊரெல்லாம் மெச்சுகிறார்கள். ‘வாங் கண்ணு’, ‘சொல்லுங் சாமி’ என்று தொட்டில் பிள்ளைக்கும் ‘ங்’ போடுகிற நாக்கு எங்களுடையது. அதே நாக்கு, பண்ணையத்தில் பாடுபட்ட எழுபது வயதுக்காரரை ‘வாடா, போடா’ என்று கூப்பிட்டதையும் நாங்கள் கேட்டுத்தான் வளர்ந்தோம். அவரோ எங்கள் வீட்டுச் சிறுவர்களையும் ‘சாமி’ என்றார். அந்த ‘சாமி’யும் அமுச்சி மருத்துவரிடம் சொன்ன ‘சாமி’யும் எழுத்தில் ஒன்றுதான். சொல்லைச் சேர்த்துவைப்பவர்கள், யார் யாரிடம் சொன்னது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி.

இட்டேரி போனது தனிக்கதை. இருபுறமும் கிளுவை வேலி, நடுவே வண்டி போகிற தடம், அதுதான் இட்டேரி. தார்ச்சாலை வந்ததும் வேலி போயிற்று. கம்பி வேலிக்குள் ஓணான் ஏது? எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ‘ஒடக்கான்’ என்ற சொல்லும் தெரியாமல் போயிற்று.

கவலைச் சொற்கள்தான் எங்களை இப்போது உறுத்திக்கொண்டிருக்கின்றன. மாடு கட்டிக் கிணற்றிலிருந்து நீர் இறைத்த ஏற்பாட்டுக்குத்தான் எங்கள் பக்கம் கவலை என்று பெயர். சாலும் தும்பியும் வடமும் வால்கயிறும் மாடு இறங்கும் வாரியும் நோட்டில் ஏறிவிட்டன. ஆனால் மாட்டைப் பின்னுக்குத் தள்ளும்போது ஒரு குரல், முன்னே இறக்கும்போது வேறொரு குரல் கொடுப்பார்களாம். அதை எழுத்தில் எப்படிப் பிடிப்பது? பம்புசெட்டு வருவதற்கு முன் எங்கள் தோட்டத்தில் கவலை ஓட்டிய ஒருவர் இன்னும் இருக்கிறார். பண்ணையத்தில் ‘டா’ போட்டு அழைக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர். போன மாதம் போய்க் கேட்டோம். வெறும் வாயில் வராது, மாடும் வாரியும் வேண்டும் என்றார். மாட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டோம். வாரியை மூடி அதன்மேல் கட்டியிருக்கிற மோட்டார் அறையை என்ன செய்வது என்று மூவரும் தொலைபேசியில் சண்டையிட்டுக்கொண்டிருக்கிறோம்.