அப்பத்தாவும் காண்ட்ராஸ்ட்டும்

தங்கச்சி கல்யாணப் பத்திரிகையை நானே டிசைன் பண்றேன்னு சொல்லி வச்சிருந்தேன். பொட்டி தட்டுறவனுக்கு இதுகூட வராதாங்கற தெனாவட்டுதான். சந்தன நிறத் தாள், தங்க நிற எழுத்து, ரெண்டு மயில், நாலு ஃபான்ட். மாதிரிக்கு ஒண்ணு பிரிண்ட் எடுத்துக்கிட்டு காரைக்குடிக்குப் போய் அப்பத்தா கையில குடுத்தேன்.

கிட்டப் பிடிச்சாங்க, தள்ளிப் பிடிச்சாங்க. எழுந்து முற்றத்து வெயிலுக்கே போயிட்டாங்க.

"நல்லாத்தான்டா இருக்கு. முகூர்த்தம் என்னைக்குன்னு போட மறந்துட்டியே?"

போட்டிருந்தேன். தங்கத்துல. :-(

இணையப் பக்கங்களுக்கு ஒரு விதி உண்டு: சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் காண்ட்ராஸ்ட் குறைஞ்சது 4.5-க்கு 1 இருக்கணும். ஆபீஸ்ல இதைச் சொல்லி எத்தனை பேர் ஸ்க்ரீனைத் திருப்பி அனுப்பியிருப்பேன்! என் பத்திரிகையை அளந்து பார்த்தா 2-க்கே மூச்சு வாங்குது.

வெயில்ல நின்ன அப்பத்தாவைப் பார்த்தேன். பத்திரிகையில ஒண்ணும் தெரியலை, கட்டியிருந்த கண்டாங்கி பளிச்சுனு தெரிஞ்சது. (2019-ல் புவிசார் குறியீடு வாங்கிச்சே, அதேதான்.) கடுகு மஞ்சள் உடல், அதுல மெல்லிசா கட்டம். பூ இல்ல, மாங்கா இல்ல, மயில் இல்லவே இல்ல. கரை மட்டும் அரக்குல, நல்ல அகலமா. உடல் சும்மா இருக்கறதாலதான் கரை பேசுது. அப்பத்தா தெருமுனை திரும்பும்போதே ஆள் தெரியறதுக்கு அந்தக் கரைதான் காரணம்.

செட்டிநாட்டுல அடக்கமான்னு சிரிக்காதீங்க. பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல்லுல பூப்பூவா தரை, எல்லாம் உண்டுதான். ஆனா அந்தத் தரைக்கு மேல எழும்புற சுவர் பெரும்பாலும் வெறும் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு. சுவரும் பூப்பூவா இருந்தா தரையை யார் பார்ப்பா?

ராத்திரியே உட்கார்ந்து மாத்தினேன். மஞ்சப் பத்திரிகை (தப்பா நினைக்காதீங்க மக்களே), அரக்கு எழுத்து, ஒரே ஃபான்ட். காண்ட்ராஸ்ட் 7-ஐத் தாண்டிருச்சு. மயில் போனதுல தங்கச்சிக்குக் கோவம். ஆனா பங்காளிகள் பேர்ல ஒண்ணைக்கூட எடுக்க முடியாது, எடுத்தா கல்யாணமே நின்னுடும்! 22 பேரையும் ஒரே அளவுல, பொடி எழுத்துல கீழே தள்ளினேன். தேதியும் மண்டபமும் மட்டும் நடுவுல பெருசா, சுத்தி வெத்திடம்.

காலையில அப்பத்தா கண்ணாடி போடாமலே தேதியைச் சத்தமா வாசிச்சாங்க. அப்புறம் தாளைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டு போனாங்க.

"எம்பேரு ஏன்டா இத்தினிக்கூண்டு?"