திரையில் வெள்ளி, கணக்கில் ரூபாய்



பள்ளி நூலகத்திற்காகச் சென்னை இணையக் கடையொன்றில் சிறுவர் நூல்கள் வாங்கினேன். விலைகள் மலேசிய வெள்ளியிலேயே காட்டப்பட்டிருந்தன. அதை நம்பிப் பெற்றோரிடம் 300 வெள்ளி திரட்டினேன். கடன்பற்று அட்டைக் கணக்கிலோ 311 வெள்ளி 40 காசு! மீதியை நானே கட்டினேன். எனினும் பெற்றோர்முன் கணக்கை வைக்கக் கூச்சமாக இருந்தது.

பிறகே விளங்கியது. திரையில் கண்டது அன்றைய சந்தை விகிதப்படியான மதிப்பீடு. பணம் பிடிக்கப்பட்டது ரூபாயில். வங்கி தன் விகிதத்தில் மாற்றி, வெளிநாட்டுப் பரிமாற்றக் கட்டணத்தையும் சேர்த்திருந்தது. பிரிக்பீல்ட்ஸ் நாணய மாற்றுக் கடைப் பலகையில் வாங்கும் விலை, விற்கும் விலை என இரண்டு இருக்கும், திரையிலோ ஒன்றுதான்.

1998 செப்டம்பர் முதல் 2005 ஜூலை வரை ஓர் அமெரிக்க டாலர் 3.80 வெள்ளி என்றே நிலைத்திருந்தது. பயிற்சிக் கழகத்தில் பயின்ற அந்நாளில் டாலர் விலையை மனக்கணக்காகவே மாற்றிவிடுவோம். (எங்களிடம் டாலர் இல்லை என்பது வேறு!)

கடையே வெள்ளியில் பணம் பிடித்தால், விகிதத்தில் அதன் இலாபமும் கலந்திருக்கலாம். ஆயினும் தொகை பெரும்பாலும் முன்பே தெரிந்துவிடும். பெற்றோர் பணத்திற்குக் கணக்கு எழுதும் எனக்கு அதுவே ஏற்புடையது. அடுத்த முறை, பணம் செலுத்தும் பக்கத்தில் எந்த நாணயம் என்று பார்த்த பின்னரே பெற்றோருக்குக் கடிதம் அனுப்புவேன்.