கழுத்துக் குழாயில் கறுப்புப் படிவு

ஒரு கையில் ப்ரோப், மறு கை பொத்தான்களில். "ஐயா, தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கோங்க. கொஞ்ச நேரம் எச்சில் முழுங்காதீங்க" என்றபடி பெரியவரின் கழுத்தில் ஜெல்லைப் பரப்பினார் மருத்துவர். மதுரையில் ஒரு ஸ்கேன் மையம் அது. பக்கவாதத்துக்கு வழிவைக்கும் படிவுகளைக் கழுத்தில் தேடிப் பார்ப்பவர்களின் வேலையை அருகிலிருந்து பார்க்கப் போயிருந்தேன்.

அழுத்தக் கூடாது என்பது முதல் பாடம். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி தாடைக்குக் கீழே இரண்டாகப் பிரிகிறது. கொழுப்பு அதிகம் படிவது அந்தக் கவட்டில்தான். ரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகளும் அங்கேயே இருக்கின்றன. கை கனத்தால் நாடித் துடிப்பு இறங்கி, ஆளுக்கு மயக்கம் வரலாம்.

இரண்டு கிளைகளில் மூளைக்குப் போவது எது? மருத்துவர் பெரியவரின் காதுக்கு முன்னால் விரலால் மெல்லத் தட்டினார். திரையில் ஓடிய அலை சிறு பற்களாக நடுங்கியது. "இது முகத்துக்குப் போறது" என்று அடுத்த கிளைக்கு நகர்ந்தார். இத்தனை விலையுயர்ந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு விரல்தட்டு செய்த வேலையை வியக்காமல் இருக்க முடியவில்லை.

சுருங்கிய இடத்தில் ரத்தம் சீறிப் பாயும். அந்த வேகத்தை டாப்ளர் என்ற ஒலியலை முறை அளக்கிறது. நொடிக்கு 125 சென்டிமீட்டரைத் தாண்டினால் பாதிக்கு மேல் அடைப்பு, 230-ஐத் தாண்டினால் 70 சதவீதம் அல்லது அதற்கும் மேல் என்பது அமெரிக்க வல்லுநர்கள் 2003-இல் வெளியிட்ட அளவுகோல். ஒலிக்கற்றைக்கும் ரத்த ஓட்டத்துக்கும் இடையிலான கோணம் 60 டிகிரியைக் கடந்தால் கணக்கு தப்பிவிடும். அதற்காக மணிக்கட்டை வளைத்து, தோளைத் தூக்கி, அப்படியே அசையாமல் பிடிக்கிறார்கள். தோள்வலி இந்தத் தொழிலோடு சேர்ந்தே வருகிறது.

"எத்தனை பர்சென்ட் டாக்டர்?" என்றார் பெரியவரின் மகன்.

எல்லோரும் கேட்பது அதைத்தான். காரணமும் உண்டு. வட அமெரிக்காவில் நடந்த நாஸ்செட் ஆய்வின் முடிவு 1991-இல் வந்தது. ஏற்கெனவே அறிகுறி கண்டு, 70 முதல் 99 சதவீதம் வரை அடைப்பு இருந்தவர்களில், மருந்தோடு நின்றவர்களில் 26 சதவீதம் பேருக்கு இரண்டே ஆண்டுகளில் அந்தப் பக்கத்துத் தமனியால் பக்கவாதம் வந்தது. அறுவை செய்துகொண்டவர்களிடம் அது 9 சதவீதம். அன்றிலிருந்து சதவீதமே பேச்சாகிவிட்டது.

ஆனால் அது பாதிக் கதைதான். சுண்ணாம்பு ஏறிய படிவு திரையில் வெள்ளையாக மின்னி, பின்னால் நிழல் விழுத்தும், பெரும்பாலும் உறுதியானது. கொழுப்பும் ரத்தக்கசிவும் நிறைந்த படிவோ கறுப்பு. ஓடும் ரத்தமும் கறுப்பு. உடைந்து மூளைக்குப் போகக்கூடியதே கண்ணுக்குத் தப்புகிறது! ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் வசதியை மருத்துவர் போட்டார். குழாய் முழுவதும் சிவப்பு நிரம்ப, ஓர் ஓரம் மட்டும் நிரம்பாமல் நின்றது. "இங்கதான் இருக்கு."

இன்னும் உள்ளே பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும். கழுத்துக்கென்றே உள்ள காயில் என்ற கருவியை மாட்டும் தொழில்நுட்பரும் விழுங்காதீர்கள் என்றுதான் சொல்கிறார். ஒரு விழுங்கலில் படம் கலங்கிவிடும். படிவுக்குள் கசிந்த ரத்தம் இதில் வெளிச்சமாகத் தெரியும். அமெரிக்காவின் சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சுன் யுவான், தாமஸ் ஹட்சுகாமி ஆகியோரின் குழு, 50 முதல் 79 சதவீதம் அடைப்பு இருந்தும் அறிகுறி இல்லாத 154 பேரைச் சராசரியாக மூன்று ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்தது. 2006-இல் வெளியான முடிவு: படிவில் ரத்தக்கசிவு இருந்தவர்களுக்கு ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு. சிறிய ஆய்வுதான், ஆனாலும், ஒரே அளவு அடைப்பு ஒரே அளவு ஆபத்தல்ல என்பதை அது காட்டிவிட்டது.

ஆகவே, அறிக்கையில் எண் மட்டும் இருந்தால் போதாது. படிவு கறுப்பா வெள்ளையா, மேற்பரப்பு வழவழப்பா, புண்ணா என்று எழுதியிருக்கிறதா எனக் கேளுங்கள். ஒரு கண்ணில் திரை விழுந்ததுபோல் பார்வை மறைந்து திரும்பினாலோ, கை மரத்துச் சில நிமிடங்களில் சரியானாலோ, சரியாகிவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.