மறுதாம்புக் கரும்பும் ஜடேஜாவும்

தோத்துப்போன டீம்ல இருக்கிற பெருசுங்களை வித்துட்டு, சின்னப் பசங்களை வெச்சு முதல்ல இருந்து ஆரம்பிக்கணுமா? அமெரிக்காக்காரன் அவன் ஊர் ஃபுட்பாலுக்கு வருஷா வருஷம் அடிச்சுக்கிற கேள்வி இது. நமக்கு இந்தக் கேள்வி 2025 நவம்பர் 15-ஆம் தேதி வந்தது. ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துட்டு, சஞ்சு சாம்சனை வாங்கிக்கிட்டோம்னு சி.எஸ்.கே. அறிவிச்ச நாள்.

சனிக்கிழமை அதுவுமா மனுஷனைத் தூங்க விடலை. எங்க காலேஜ் வாட்ஸ்அப் குரூப் உடனே ரெண்டா உடைஞ்சது. ஒண்ணு "துரோகம்டா" கட்சி. இன்னொண்ணு "ரொம்ப லேட்டு, அஞ்சு வருஷம் முன்னாடியே பழசையெல்லாம் கழிச்சுக் கட்டியிருக்கணும்" கட்சி. எனக்கு ரெண்டு கட்சியிலயும் சேர முடியலை. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ குடிச்சுட்டு வாங்க :-)

முதல்ல ரெண்டாவது கட்சி. அஞ்சு வருஷம் முன்னாடின்னா 2020. எட்டு டீம்ல ஏழாவது இடம், முதல் தடவையா ப்ளே ஆஃப் இல்லை. 'தாத்தா டீம்'னு ஊரே சிரிச்சது. அன்னிக்கே மொத்தமா கலைச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? அடுத்த வருஷமே கோப்பை வந்தது. 2021 ஃபைனல்ல 86 அடிச்ச டூ ப்ளெஸ்ஸிக்கு வயசு 37. குவாலிஃபயர்ல 63 அடிச்ச உத்தப்பாவுக்கு 35. அவரே ராஜஸ்தான்ல இருந்து டிரேட்ல வந்த பெருசுதான். அதே சமயம், அந்த சீசன்ல 635 ரன் அடிச்சு ஆரஞ்சு தொப்பி வாங்கின ருதுராஜுக்கு வயசு 24. ஹர்பஜன், முரளி விஜய், கேதார் ஜாதவ் போனாங்க. மத்தவங்க இருந்தாங்க. அப்புறம் 2023-ல அஞ்சாவது கோப்பை. கடைசி ரெண்டு பந்துல சிக்ஸும் ஃபோரும் அடிச்சது யாருன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா என்ன!

எங்க ஊர் நெய்க்காரப்பட்டி. பழனிக்குப் பக்கம். கரும்பு, வெல்லம், மண்டி... இதுதான் ஊர். எங்க பெரியப்பாவுக்கு கிரிக்கெட் சுத்தமா புரியாது. ஆனா இந்தக் கேள்விக்கு அவர்கிட்டதான் பதில் இருக்கு. கரும்பை வெட்டினதும் தூரைப் பிடுங்கிப் போட்டுட மாட்டாங்க. அதுலயே மறுபடி துளிர் வரும். அதுதான் மறுதாம்பு. விதைக்கரணை செலவு இல்லை, உழவு செலவு இல்லை, ஒரு மாசம் முன்னாடியே வெட்டுக்கு வந்துடும். அப்ப எத்தனை தடவை மறுதாம்பு விடலாம்?

"ரெண்டு தடவ விடலாங் கண்ணு. அதுக்கு மேல விட்டா வெட்டுக்கூலிக்கே கட்டாது. ஆனா மொத மறுதாம்புலயே நாலு தூரு பட்டுப்போச்சுன்னு காட்டையே உழுதுபோட்டா அவன் வெவசாயி இல்ல. பட்ட எடத்துல மட்டும் புது நாத்து வெக்கோணும்."

2021 சி.எஸ்.கே. அதுதான். பட்ட இடத்துல மட்டும் புது நாத்து.

ஆனா 2025 வேற கதை. 14 மேட்ச், 4 வெற்றி, பத்தாவது இடம். இந்த டீமோட வரலாத்துலயே முதல் தடவையா கடைசி. சேப்பாக்கத்துல 2008-க்கு அப்புறம் பெங்களூர்கிட்ட தோத்தாச்சு. கொல்கத்தாவோட 103-க்கு 9 விக்கெட். கோட்டைன்னு சொன்ன இடத்துல வரிசையா அஞ்சு தோல்வி. நாலு தூர் இல்லைங்க, காடே மஞ்சளாயிடுச்சு. பாதி சீசன்ல மாத்து ஆளா வந்த பசங்கதான் கொஞ்சமாவது பச்சை காட்டினாங்க. 17 வயசு ஆயுஷ் மாத்ரே பெங்களூருக்கு எதிரா 48 பந்துல 94. மேட்ச் ரெண்டு ரன்ல போச்சு, அது நம்ம தலையெழுத்து. கடைசி மேட்ச்ல பிரெவிஸ் 23 பந்துல 57, குஜராத்தை 83 ரன்ல சாத்தினோம்.

சரி, அப்ப மொத்தமா உழுதுடலாமா? இங்கதான் அமெரிக்கா கணக்கு நமக்கு ஒத்துவராது. அங்கே கடைசி இடம் வந்தா ஒரு பரிசு உண்டு. அடுத்த வருஷம் காலேஜ்ல இருந்து வர்ற பசங்கள்ல முதல் ஆளை எடுக்கிற உரிமை. அதனால பெருசுங்களை வித்துட்டு ரெண்டு வருஷம் தோத்தாலும் அதுல லாபம் இருக்கு. ஐ.பி.எல்.ல கடைசி இடத்துக்கு ஒரு மிட்டாய் கூடக் கிடையாது. எல்லாருக்கும் ஏலத்துல ஒரே உச்சவரம்பு. அதுக்கும் மேல 2018, 2022, 2025-னு மெகா ஏலம் வந்து சிலேட்டை அழிச்சுடுது. அஞ்சு வருஷத் திட்டம் போட்டு பசங்களை வளர்த்தா, மூணாவது வருஷம் அடுத்தவன் தூக்கிட்டுப் போவான். ஆக, நம்ம ஊர்ல பெருசை விக்கிறதுக்கு ஒரே நியாயம்தான்: அந்த இடத்துக்கு உடனே என்ன வருது?

அதை வெச்சுப் பார்த்தா ஜடேஜா டிரேட் சரின்னுதான் எனக்குத் தோணுது. சொல்லும்போதே தொண்டை அடைக்குது, ஆனாலும் சரி. அப்ப அவருக்கு 37 முடிய இருந்தது. 2023-ல இம்பாக்ட் பிளேயர் ரூல் வந்ததுல இருந்து பேட்டிங்குக்கு ஒருத்தன், பவுலிங்குக்கு ஒருத்தன்னு மாத்திக்கலாம். ரெண்டும் செய்யற ஆளோட விலை அங்கேயே குறைஞ்சுடுச்சு. நம்மகிட்ட 18 கோடியா இருந்தவர் ராஜஸ்தானுக்கு 14 கோடிக்குப் போனார். 18 கோடிக்கு சாம்சன் வந்தார். கீப்பர், டாப் ஆர்டர், கேப்டனா இருந்த அனுபவம். அவருக்கும் வயசு 31, சின்னப் பையன் இல்லை. தல-க்கு அப்புறம் கிளவுஸ் யாருக்குங்கிற கேள்விக்கு ஒரு பதில் வாங்கினோம், அவ்வளவுதான்.

பசங்களை வாங்கினது டிசம்பர் 16 அபுதாபி ஏலத்துல. பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா, ஆளுக்கு 14.20 கோடி. இந்தியாவுக்கு ஆடாத பசங்களுக்கு அதுவரை யாரும் கொடுக்காத காசு. "தாத்தா டீம்"னு சிரிச்சவன் எல்லாம் "கிண்டர்கார்டனா?"ன்னு கேட்டான்!

நேரம்தான் இதுல முக்கியம். ரெய்னாவை நினைச்சுப் பாருங்க. 2022 மெகா ஏலத்துல அடிப்படை விலைக்குக் கூட யாரும் கை தூக்கலை, நம்ம ஆளுங்க உட்பட. சின்னத்தலயை அப்படி அனுப்பினதைவிட, இன்னும் மதிப்பு இருக்கும்போதே, தான் முதல்ல ஆடின, 2008-ல கோப்பை ஜெயிச்ச டீமுக்கே அனுப்பினது மரியாதை. ஆளோட சம்மதம் இல்லாம டிரேட் நடக்காது. அதனால "துரோகம்" கட்சிக்கும் நான் வர முடியாது. இதே சேப்பாக்கத்துல, தல வரணும்னு ஜடேஜா அவுட்டாகக் காத்திருந்து விசிலடிச்ச கூட்டம்தானே நாம? அப்ப எங்கே போச்சு இந்தக் கண்ணீர்?

நிஜ ஃபுட்பால்லயும் நம்ம ஊர்லயே உதாரணம் இருக்கு. சென்னையின் எஃப்.சி. 2017-18 சாம்பியன், அடுத்த சீசன் 18 மேட்ச்ல 9 பாயிண்டோட கடைசி. அவங்க என்ன பண்ணினாங்க? சில வெளிநாட்டு ஆளுங்களை மாத்தினாங்க. ஆனா டிஃபென்ஸுக்குக் கொண்டுவந்தது 36 வயசு லூசியன் கோயனை. பாதி சீசன்ல கோச் மாறினார், ஓவன் காயில் வந்தார். வால்ஸ்கிஸ் 15 கோல். 2020 மார்ச்ல ஃபைனல். கோப்பை ஏ.டி.கே.வுக்குப் போச்சுங்கிறது வேற விஷயம். ஆர்சனல் பக்கம் பாருங்க, 2005-ல வியெராவை யுவெண்டஸுக்கு வித்துட்டு பசங்களை நம்பினாங்க. அடுத்த கோப்பை 2014-ல. புது மைதானக் கடனும் ஒரு காரணம்தான், ஆனா டிரெஸ்ஸிங் ரூம்ல அதட்ட ஒரு பெருசு இல்லைன்னா ஒன்பது வருஷம் ரொம்ப நீளம்.

கடைசியா, எல்லாரும் தொடப் பயப்படுற சப்ஜெக்ட். 36 வயசுக்காரரை அனுப்பிட்டு 44 வயசுக்காரரை வெச்சுக்கிட்டாங்களே, அது என்ன நியாயம்?

எங்க ஊர் வெல்ல ஆலையில பதம் பார்க்கன்னு ஒரு பெரியவர் இருப்பார். கொப்பரையில பாகு கொதிக்கும்போது ஒரு சொட்டு எடுத்துத் தண்ணியில விட்டு, விரல்ல உருட்டிப் பார்த்து, "இறக்கு"ம்பார். ரெண்டு நிமிஷம் முந்தினா இளகிடும், பிந்தினா கருகிடும். அவரை எந்த முதலாளியும் அனுப்ப மாட்டான். அந்தக் கணக்கு எந்த எக்செல் ஷீட்லயும் இல்லை. பொட்டி தட்டற நம்ம தொழில்லயும் அப்படி ஒருத்தர் இருப்பார். அவர் போன மறுநாள்தான் ராத்திரி ஓடற ஒரு ஜாப் எதுக்கு ஓடுதுன்னே யாருக்கும் தெரியாதுங்கிறது தெரியவரும்.

ஆனா ஒண்ணு. பதம் பார்க்கிற பெரியவர் துடுப்புப் பிடிச்சுக் கிண்ட மாட்டார். கட்டில்ல உட்கார்ந்து சொல்லுவார். கிண்ட வாலிபப் பசங்க இருக்காங்க. தல விஷயத்துல என் ஆசையும் அவ்வளவுதான். டீம்ல இருக்கட்டும், பதினோரு பேர்ல ஒருத்தரா இருக்கணும்னு இல்லை. திட்டறவங்க பின்னூட்டத்துல வரிசையா வரலாம் :-))

டிஸ்கி: 2024-ல எங்க திண்டுக்கல் டிராகன்ஸுக்கு டி.என்.பி.எல். கோப்பையை வாங்கிக் கொடுத்த கேப்டன் அஸ்வினுக்கு அப்ப வயசு 37. அடுத்த வருஷம் சி.எஸ்.கே.வுல சோபிக்கலை, ஆகஸ்ட்ல ஐ.பி.எல்.லுக்கே கும்பிடு போட்டுட்டார். ஆக, வயசை மட்டும் பார்த்து யாரும் காட்டை உழுதுடாதீங்க மக்களே. தூரைக் குனிஞ்சு பாருங்க.