எங்கும் கொடுக்கத் தேவையில்லாத படம்

எம் பெண்களிடம் உள்ள புகைப்படங்கள் எவையெவை என்று நீங்கள் எப்போதாவது யோசித்துப் பார்த்ததுண்டா? அடையாள அட்டைக்கு எடுத்தது, நிவாரணப் பதிவுக்கு எடுத்தது, வீட்டுத்திட்டத்துக்காக அரைச் சுவருக்கு முன்னால் நின்று எடுத்தது, காணாமற் போனவரைத் தேடும் மனுவோடு இணைத்தது. சமூகப் பணியாளராக நான் காவித் திரியும் கோவைகளில் இவைதான் நிறைந்திருக்கின்றன. மகிழ்ச்சிக்காக எடுத்த படங்கள் பல வீடுகளில் இல்லை. அவை இடம்பெயர்வுகளில் தொலைந்துவிட்டன.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். 2009 இல் வன்னியை விட்டு வெளியேறியபோது அம்மாவின் கையில் ஒரேயொரு பைதான் இருந்தது. பிறப்புச் சான்றிதழ்களும் அடையாள அட்டைகளும் அதற்குள் இருந்தன. அப்பாவின் படங்கள் இருந்த அல்பம் பதுங்குகுழியிலேயே தங்கிவிட்டது. முகாமில் பதிவுக்காக அம்மாவைப் படம் எடுத்தார்கள். அதன் பின்னர் அவர் கமராவுக்கு முன்னால் விரும்பி நின்றதேயில்லை. எனது பட்டமளிப்பு நாளில்கூட, "நீ நில் பிள்ளை, நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்" என்று ஒதுங்கிவிட்டார்.

2020 மார்ச் 20 ஆம் திகதி மாலை 6 மணிக்குக் கொரோனா காரணமாக நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கிராமங்களுக்குச் செல்லும் எனது பணி நின்றது. நாள் முழுவதும் தொலைபேசியில்தான் பேசினேன். கூலி வேலை நின்றுபோனவர்கள், கடன் தவணையை எண்ணிக் கலங்கியவர்கள், அரசாங்கத்தின் 5000 ரூபா கொடுப்பனவு தமக்குக் கிடைக்குமா என்று கேட்டவர்கள் எனப் பலர். பேசி முடிந்தாலும் அவர்களுடைய குரல்கள் காதை விட்டுப் போகவில்லை. இரவில் நித்திரை வரவில்லை.

அந்த வேளையில்தான் என்னோடு சமூகவியல் படித்த தோழி ஒருத்தி வட்ஸ்அப்பில் 30 நாள் புகைப்படச் சவால் ஒன்றை ஆரம்பித்தாள். ஒரு நாளைக்கு ஒரு சொல் தரப்படும். அதற்குப் பொருத்தமான ஒரு படத்தை எடுத்து அனுப்ப வேண்டும். வளவை விட்டு வெளியே போகக்கூடாது, பழைய படம் அனுப்பக்கூடாது. இவ்வளவும்தான் விதிகள். அக்காலத்தில் உலகம் எங்கும் இத்தகைய சவால்கள் நடந்துகொண்டிருந்தன. நெதர்லாந்தில் தொடங்கிய ஒரு விளையாட்டை, அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கெற்றி நூதனசாலை அந்த மார்ச் மாதத்தின் இறுதியில் எடுத்து நடத்தியது. பெயர்பெற்ற ஓவியமொன்றைத் தெரிவுசெய்து, வீட்டிலுள்ள பொருட்களைக் கொண்டே அதைப் போல ஒரு காட்சியை அமைத்துப் படம் எடுக்க வேண்டும். துவாயைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு மக்கள் ஓவியங்களாக நின்றார்கள்.

எனக்கோ முதலில் குற்றவுணர்வாக இருந்தது. சனம் சாப்பாட்டுக்குத் தவிக்கும்போது எனக்குப் படமெடுக்கும் விளையாட்டா என்று நினைத்தேன். ஆனாலும் முதல் நாள் தரப்பட்ட 'யன்னல்' என்ற சொல்லுக்காக எங்கள் குசினி யன்னலருகே போய் நின்றேன். அந்த யன்னலால் காலையில் இவ்வளவு வெளிச்சம் வருவதை அன்றுதான் கண்டேன். நான்காம் நாள் 'வட்டம்'. கிணற்றுக்கட்டு, சைக்கிள் சில்லு, அப்பச்சட்டி என்று வளவெங்கும் வட்டங்கள். ஒவ்வொரு நாளும் அரை மணி நேரம் அந்தச் சொல்லைத் தவிர வேறெதுவும் என் நினைவில் இருக்கவில்லை. அந்த அரை மணி நேரத்துக்குப் பிறகு தொலைபேசியில் பேசுபவரின் துயரத்தைப் பொறுமையோடு கேட்க என்னால் முடிந்தது. இரவில் நித்திரையும் வரத் தொடங்கியது.

விலைகூடிய கமரா எதுவும் என்னிடம் இருக்கவில்லை. பழைய கைத்தொலைபேசிதான். அதன் வில்லையை மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தாலே பாதித் தெளிவு வந்துவிடும். உச்சி வெயிலை விடக் காலை, மாலை வெளிச்சம் முகத்துக்கு நல்லது. வீட்டுக்குள் என்றால் ஆளை வாசலைப் பார்த்து இருக்கச் சொல்ல வேண்டும். திரையில் எந்த இடத்தைத் தொடுகிறோமோ அந்த இடம் தெளிவாகும். இவற்றை ஒவ்வொன்றாகப் பிழைவிட்டுப் பழகிக்கொண்டேன்.

மூன்றாம் வாரத்தில் எங்கள் மாதர் சங்கத்துப் பெண்கள் ஆறு பேரையும் சேர்த்துக்கொண்டோம். அன்றொரு நாள் தரப்பட்ட சொல் 'முகம்'. மகனைத் தேடிக்கொண்டிருக்கும் அக்கா ஒருவர், சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த மகனின் படத்தை எடுத்து அனுப்பியிருந்தார். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். "கண்ணாடி மினுங்கிப் படம் பழுதாப் போச்சு தங்கச்சி. என்ர முகமும் விழுந்திட்டுது" என்றார். சற்றுப் பக்கவாட்டில் நின்று எடுத்தால் விம்பம் விழாது என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு படத்தை மீண்டும் பார்த்தேன். மகனின் முகத்துக்கு மேல் தாயின் முகம் மங்கலாகத் தெரிந்தது. இருவரும் ஒரே படத்தில் இருந்தார்கள். "இல்லை அக்கா, இது பழுதில்லை. திருப்பிப் பாருங்கோ" என்றேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. மறுநாள் கேட்டபோது, அந்தப் படத்தை அழிக்க மாட்டேன் என்றார்.

ஜூலியா மார்கரெட் கமரன் என்ற ஆங்கிலேயப் பெண்மணியைப் பற்றிப் பின்னர் வாசித்தேன். 1863 இல், அவருடைய 48 ஆவது வயதில், தனிமையில் பொழுது போகட்டும் என்று மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கமராவைப் பரிசளித்தார்கள். அவர் கோழிக்கூட்டைப் படம் எடுக்கும் அறையாகவும், நிலக்கரி வைக்கும் அறையைப் படம் கழுவும் இருட்டறையாகவும் மாற்றிக்கொண்டார். இன்று உலகின் முக்கியமான புகைப்படக் கலைஞர்களில் ஒருவராக அவர் போற்றப்படுகிறார். 1875 இல் இலங்கைக்கு வந்த அவர் 1879 இல் இங்கேயே காலமானார். அவருடைய கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. அவரிடம் இருந்த வசதி எங்களிடம் இல்லைதான். ஆனால் பொழுதுபோக்கைத் தொடங்க வயதும் தனிமையும் தடையல்ல என்பதற்கு அவர் ஒரு சாட்சி.

சவாலின் முப்பதாம் நாளுக்கு 'உனக்குப் பிரியமானது' என்று தரப்பட்டிருந்தது. கமராவை அம்மாவிடம் நீட்டவே பயந்தேன். கையை மட்டும் எடுக்கவா என்று கேட்டேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் எழுந்து போய்விட்டார். கோபம் என்றே நினைத்தேன். சிறிது நேரத்தில் வேறு சீலை உடுத்தி, தலை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்து வாசல் கதிரையில் இருந்தார். பதிவுக்கு இருப்பதுபோல முதுகை நிமிர்த்தி, முகத்தை இறுக்கிக்கொண்டு நேரே பார்த்தார்.

"இது எங்க குடுக்கிறதுக்குப் பிள்ளை?" என்று கேட்டார்.

"எங்கயும் குடுக்கிறதுக்கு இல்லையம்மா. சும்மா, எங்களுக்குத்தான்."

"அப்ப சிரிக்கலாம் என்ன?" என்றார் அம்மா.

அந்தப் படம் சிறிது ஆடிவிட்டது. என் கை நடுங்கியதுதான் காரணம். இருந்தாலும் அதைப் பெரிதாக்கி எங்கள் சுவரில் மாட்டியிருக்கிறோம். சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவரின் கைத்தொலைபேசியில் ஒரு கமரா இருக்கும். நாளைக் காலை வெளிச்சம் வரும்போது, எந்தக் கோவைக்கும் போகாத ஒரு படத்தை உங்களுக்காக எடுத்துக்கொள்ளுங்கள்.